ஷோலம் அலைக்கெம்: ஒரு விவரணப்படமும் நகைச்சுவையின் சமூக அடிப்படையும்

1. தோற்றுவாய்

நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரைப் பற்றி விவரணப்படம் எடுப்பது எளிதான காரியம் போலத் தோன்றும். வாசகர் ஏற்கெனவே சுவைத்த பகுதிகளை நல்ல குரல்வளம் உடையோரைக் கொண்டு வாசிப்பித்து, பழைய நிழற்படங்களையும் உறவினர் சிலரின் நினைவுரைகளையும் இடையிடையே சேர்த்துவிட்டால் ஒன்றரை மணிநேரம் இனிதே கழிந்துவிடும். ஆயின் அத்தகைய படம் எழுத்தாளரைப் பாராட்டுமேயன்றி விளக்காது. அவர் எவரைச் சிரிக்க வைத்தார், எந்தச் சூழ்நிலையிலே அச்சிரிப்பு அவருக்கும் அவரது வாசகருக்கும் இன்றியமையாததாயிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து, எழுத்தாளர் வெறும் விகடகவியாகக் குறுகிவிடுவார்.

அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜோசப் டோர்மன் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஷோலம் அலைக்கெம்: இருளினுள் நகைத்தல்' என்னும் விவரணப்படம் இவ்வினாக்களைத் துணிந்து எழுப்புகிறது. யித்திஷ் மொழியின் தலையாய நகைச்சுவை எழுத்தாளரான ஷோலம் அலைக்கெமின் (1859–1916) வாழ்வையும் எழுத்தையும் எடுத்துரைக்கும் இப்படம், வெளிவந்த காலத்திலே பத்திரிகை விமர்சகர் பலரின் பாராட்டைப் பெற்றது. அப்பாராட்டு தகுதியானதே. எனினும் பாராட்டோடு அமைந்துவிடாது, படம் எதனைச் சாதித்துள்ளது, அதன் நோக்கு எவ்விடத்திலே வரம்புக்குட்படுகிறது என்பவற்றை வரலாற்றுப் பொருள்முதல்வாத அடிப்படையிலே ஆராய்வது பயனுடையது. நகைச்சுவையும் ஒரு வரலாற்று விளைபொருள் என்பதும், அதனைப் பிறப்பித்த சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்தால் அது பழம்பெருமை பேசும் ஏக்கப்பண்டமாகவே எஞ்சும் என்பதும் இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

2. சரிந்துகொண்டிருந்த ஓர் உலகம்

ஷோலம் அலைக்கெம் என்பது புனைபெயர். 'உங்களுக்குச் சமாதானம் உண்டாகுக' என்று பொருள்படும் அன்றாட முகமனையே அவர் தமது பெயராக்கிக்கொண்டார். இயற்பெயர் ஷோலம் ரபினோவிச். இன்றைய உக்ரேனில் உள்ள பெரெயஸ்லாவில் பிறந்து, அதனை அடுத்த வொரொன்கொவ் என்னும் சிற்றூரிலே குழந்தைப் பருவத்தைக் கழித்தார். பிற்காலத்தில் அவர் படைத்த கஸ்ரிலெவ்கெ என்னும் கற்பனை ஊருக்கு அடிப்படையாக அமைந்தது வொரொன்கொவே.

இவ்வூரைப் போன்ற 'ஷ்டெட்டெல்' எனப்படும் சிறுபட்டினங்கள் எத்தகையவை என்பதனை உணராது அவரது நகைச்சுவையைப் புரிந்துகொள்ளல் இயலாது. ஜார் பேரரசிலே வாழ்ந்த யூதர் தாம் விரும்பிய இடத்திற் குடியிருக்க உரிமையற்றவர். இரண்டாம் கத்தரீன் காலத்தில், 1791இல், வித்திடப்பட்டு 1917ஆம் ஆண்டுப் புரட்சியின்போது ஒழிக்கப்பட்ட குடியிருப்பு எல்லைச் சட்டம், பேரரசின் மேற்குப் புறத்து மாகாணங்களுக்குள் அவர்களை முடக்கி வைத்தது. 1897ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி பேரரசில் ஏறத்தாழ 52 இலட்சம் யூதர் வாழ்ந்தனர்; அவர்களுள் 97 சதவீதத்தினர் யித்திஷ் மொழியையே தாய்மொழியாகக் கூறினர். நிலத்தோடு உரிமைத் தொடர்பற்ற இம்மக்கள் நெடுங்காலமாக நிலப்பிரபுவுக்கும் குடியானவனுக்கும் இடைப்பட்ட தரகராகவும், சில்லறை வியாபாரிகளாகவும், சாராயக்கடை குத்தகையாளராகவும், தையல், தோல் முதலிய கைத்தொழில் செய்வோராகவும் வாழ்ந்து வந்தனர்.

1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டதும், இருப்புப்பாதை விரிவடைந்ததும், தொழிற்சாலைப் பொருள்கள் சந்தைகளில் வந்து குவிந்ததும் இவ்விடைநிலை வாழ்வின் அடித்தளத்தைத் தகர்த்தன. இரண்டாம் அலெக்சாந்தர் ஜார் 1881இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து யூதருக்கெதிரான கலவரங்கள் பரவின. 1882ஆம் ஆண்டு மே மாதச் சட்டங்கள் யூதர் நாட்டுப்புறங்களிலே புதிதாகக் குடியேறுவதைத் தடைசெய்தன. பழைய தொழில் கையை விட்டுப் போயிற்று. புதிய தொழிலுக்குச் செல்லும் வழியோ சட்டத்தால் அடைக்கப்பட்டிருந்தது. இந்நிலையிலே உருவான ஒரு மனித வகையினரை யித்திஷ் மொழி 'காற்று மனிதர்' என வழங்கிற்று. எத்தொழிலும் இன்றி எல்லாத் தொழிலையும் முயல்வோர், காற்றை உண்டு காற்றிலே கோட்டை கட்டுவோர் என்பது அதன் குறிப்பு. ஷோலம் அலைக்கெமின் பாத்திரங்களிற் பெரும்பாலோர் இவ்வகையினரே.

டோர்மனின் படம் இப்பகைப்புலத்தை ஓர் அறிமுகக் குறிப்பாகக் கூறிவிட்டு அப்பாற் செல்வதன்று. எழுத்தாளரின் ஒவ்வொரு படைப்புக் கட்டத்தையும் இச்சரிவின் ஒவ்வொரு கட்டத்தோடும் பொருத்திக் காட்டுவதே அதன் தலையாய சிறப்பாகும். வாழ்க்கை வரலாறு ஒருபுறமாகவும் சமூக வரலாறு மறுபுறமாகவும் பிரிந்து செல்லாது, ஒன்று மற்றதனை விளக்கும் வகையிலே படம் அமைந்துள்ளது.

3. வணிகனும் எழுத்தாளனும்

எழுத்தாளரின் வாழ்க்கையே இவ்விணைப்புக்கு இடந்தருகிறது. தாய் வாந்திபேதியால் இறந்தபோது அவருக்கு வயது 13. சிற்றன்னையின் வசைமொழிகளை அகரவரிசைப்படுத்தித் தொகுத்ததே அவரது முதலாவது யித்திஷ் முயற்சி எனப்படுகிறது. பின்னாளில் அவர் கையாண்ட மொழி, நூல்களிலிருந்து பெற்றதன்று, வாய்களிலிருந்து கேட்டது என்பதனை இச்சிறு செய்தி உணர்த்தும்.

செல்வந்தரான நிலக்கிழார் ஒருவரது வீட்டில் ஆசிரியராக அமர்ந்து, அவர் மகள் ஒல்காவை 1883இல் மணந்தார். 1885இல் மாமனார் இறக்க, பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. அச்செல்வத்தைக் கொண்டு கீயெவ் நகரப் பங்குச் சந்தையிலே ஈடுபட்ட அதே வேளையில், 1888இலும் 1889இலும் 'யித்திஷ் மக்கள் நூலகம்' என்னும் இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டு, எழுத்தாளருக்கு அதுவரை கேட்டறியாத அளவிற் சன்மானம் வழங்கினார். ஐ. எல். பெரெட்ஸின் முதலாவது யித்திஷ் ஆக்கம் வெளிவந்தது இத்தொகுதியிலேயே. 1890இல் பங்குச் சந்தையில் யாவற்றையும் இழந்தார். கடன்காரருக்கு அஞ்சி நாட்டை விட்டு வெளியேறவும் நேர்ந்தது.

இவ்வீழ்ச்சியினின்று பிறந்தவன் மெனாக்கெம்-மெண்டல். 1892 முதல் வெளிவரத் தொடங்கிய அக்கடிதத் தொடர், பங்குச் சந்தையிலே நுழைந்த ஓர் அப்பாவி தன் மனைவிக்கு எழுதுவனவும் அவள் அவனுக்கு எழுதுவனவுமாக அமைந்தது. அவன் நாணயங்களை வாங்கி விற்கிறான், பின் பங்குகள், பின் வீடு, காடு, சீனி ஆகியவற்றுக்குத் தரகு, ஈற்றிலே கலியாணத் தரகு. ஒவ்வொரு கடிதத்திலும் பெருஞ்செல்வம் கைக்கெட்டும் தூரத்திலிருக்கிறது. அடுத்த கடிதத்திலே அது மறைந்துவிடுகிறது. ஊரிலிருந்து மனைவி தன் தாயின் பழமொழிகளையும் சாபங்களையும் அடுக்கி, வீடு வந்து சேருமாறு வேண்டுகிறாள். பீற்றர் றீகேர்ட், றேச்சல் டிராச் முதலிய நடிகர்களைக் கொண்டு மூலப்பகுதிகளை ஒலிக்கச் செய்திருக்கும் படம், இவ்வெழுத்தின் உயிர் பேச்சிலே தங்கியிருப்பதைச் செவிக்குப் புலனாக்குகிறது.

கலியாணத் தரகு நிகழ்ச்சியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மெனாக்கெம்-மெண்டலும் தொலைதூர நகரத்துத் தரகன் ஒருவனும் தந்திகள் வாயிலாகப் பேரம் பேசுகின்றனர். சீதனம், குலப்பெருமை யாவும் தீர்மானமாகின்றன. இரு குடும்பங்களும் சந்திக்கின்றன. அப்போதுதான் இரு தரகரும் கொண்டுவந்தவர்கள் பெண்களே என்பது தெரியவருகிறது. மாப்பிள்ளை எவனும் இல்லை! இது வெறும் ஆள்மாறாட்ட வேடிக்கையன்று. விற்கப்படும் பொருள் யாது என்பதனையே அறியாது விற்பனை நடைபெறும் சந்தையின் தருக்கம் அதன் இறுதி எல்லைவரை இங்குக் கொண்டு செல்லப்படுகிறது. பயன்பாட்டுப் பெறுமதி முற்றாக மறைந்து, பரிமாற்றப் பெறுமதி மட்டுமே எஞ்சியிருக்கும் உலகிலே மணமகனும் மணமகளும் தந்தியிலுள்ள சொற்களாகவே இருப்பர். ஊக வாணிபத்தின் உட்கூற்றைப் பொருளியல் நூல்கள் விளக்குவதற்குக் குறையாத தெளிவோடு இந்நகைச்சுவை விளக்குகிறது.

4. இழிசனர் வழக்கும் இலக்கிய மொழியும்

படத்தின் மற்றொரு சிறப்பு, மொழிப் பிரச்சினைக்கு அது தரும் முதன்மையாகும். 1880களிலே கற்ற யூதர் எழுத விரும்பிய மொழிகள் இரண்டு. சமயத்துக்கும் புலமைக்கும் உரிய ஹீப்ரு ஒன்று. அரசுக்கும் முன்னேற்றத்துக்கும் உரிய ருஷ்யன் மற்றொன்று. வீட்டிலும் சந்தையிலும் வழங்கிய யித்திஷ் மொழியை அவர்கள் இலக்கணமற்ற கலப்பு வழக்கு என இகழ்ந்தனர். பெண்களுக்கும் கல்லாதவருக்கும் உரியது என ஒதுக்கினர். தம்மிடையே ருஷ்ய மொழியையே பேசிய ஷோலம் அலைக்கெம் குடும்பத்தினரும் இம்மதிப்பீட்டுக்கு முற்றிலும் புறம்பானவரல்லர். எனவே அவர் யித்திஷ் மொழியைத் தேர்ந்தமை பிறப்பின் இயல்பான விளைவன்று. தெரிந்தெடுத்த ஒரு சமூகச் சார்பாகும்.

அச்சார்புக்கு ஒரு பொருளாதார அடிப்படையும் உண்டு. அச்சியந்திரமும் மலிவுப் பதிப்பும் யித்திஷ் வாசகர் கூட்டமொன்றை ஏற்கெனவே உருவாக்கியிருந்தன. ஷோமர் முதலியோரின் பரபரப்புக் கதைகள் அக்கூட்டத்தை மயக்கி வைத்திருந்தன. 1888இல் 'ஷோமர் மீதான வழக்கு' என்னும் கண்டன நூலை ஷோலம் அலைக்கெம் வெளியிட்டமை இப்பின்னணியிலே நோக்கத்தக்கது. மக்கள் மொழியிலே எழுதினால் மட்டும் போதாது, மக்களை ஏய்க்காமலும் எழுதவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 1903இல் ருஷ்யப் பேரரசின் முதலாவது யித்திஷ் நாளிதழ் தோன்றியபின், அவர் இலட்சக்கணக்கானோர் காத்திருந்து வாசிக்கும் எழுத்தாளரானார். ஒருவர் வாசிக்க ஒரு வீடே கூடியிருந்து கேட்கும் பழக்கம் அவரது எழுத்துக்குக் கேள்விக்கலையின் இயல்பை அளித்தது.

5. தெவியே: சொல்பவனும் கேட்பவனும்

பால்காரன் தெவியே பற்றிய கதைகள் 1894 தொடக்கம் எழுத்தாளரின் இறுதிக்காலம் வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வெளிவந்தன. ஏனைய நாவலாசிரியரைப் போலத் திட்டமிட்டு எழுதாது, வரலாறு நகர நகர அதனோடு தாமும் நகர்ந்து எழுதியமையால், பாத்திரமும் ஆசிரியரும் வாசகரும் ஒருசேர முதுமையடைந்தனர்.

கதைகளின் அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. தெவியே தன் கதையை ஷோலம் அலைக்கெம் என்னும் எழுத்தாளரிடம் நேரிற் கூறுகிறான். கேட்பவர் கோடைக்காலத்தைக் கழிக்க நகரிலிருந்து வந்த வசதிபடைத்தவர். சொல்பவன் அத்தகையோருக்குப் பாலும் வெண்ணெயும் விற்று வயிறு வளர்ப்பவன். கேட்பவர் வாய் திறப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கதையும் ஓர் ஏழை வாடிக்கையாளர் ஒருவருக்குத் தன் துன்பத்தைச் சிரிக்கத்தக்க வகையிலே எடுத்துரைக்கும் நிகழ்ச்சியாகும். அவன் வேத வசனங்களை இடையறாது மேற்கோள் காட்டுகிறான். அவற்றுக்குப் பொருத்தமற்ற உரையும் கூறுகிறான். சிலர் இதனை அறியாமையின் வெளிப்பாடாகவே கொண்டனர். ஆயின் உயர்ந்தோரின் மறைமொழியை எடுத்து, வண்டிக்கும் குதிரைக்கும் அரிசிக்கும் பொருந்த உரைக்கும் இச்செயலிலே, கல்வியிற் பங்கு மறுக்கப்பட்டவன் அக்கல்வியைத் தன் வழியிற் கைப்பற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் உண்டு.

நகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியத்துக்கு உரைகண்ட பேராசிரியர், எள்ளலை இரு கூறாக்கிக் காட்டுவார். ஒருவன் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறரால் இகழப்பட்டவிடத்துத் தான் சிரிப்பது மற்றொன்று. இரண்டாவது வகை நகை ஆழ்ந்து நோக்கத்தக்கது. இகழப்பட்டவன் சிரிக்கும்போது, தன்னை இகழ்ந்தவன் அளித்த மதிப்பீட்டை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வெளிப்படுகிறது. ஆயினும் அவ்விகழ்ச்சிக்குக் காரணமான நிலைமையை மாற்றும் ஆற்றல் அவனுக்கு இன்னும் இல்லை என்பதும் உடன் வெளிப்படுகிறது. தெவியேயின் சிரிப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

தெவியேயின் புதல்வியர் கதைகளை இந்நோக்கிற் பார்ப்போம். மூத்தவள் ஸெய்ட்டெல் செல்வனான இறைச்சி வியாபாரியை விடுத்து ஏழைத் தையற்காரனை மணக்கிறாள். 1904இல் வெளிவந்த கதையில் ஹோடெல், சுருட்டுத் தொழிலாளி ஒருவனின் மகனும் புரட்சியாளனுமான பெர்ச்சிக்கை மணந்து, அவன் நாடு கடத்தப்பட்டதும் பின்தொடர்கிறாள். 1906இல் ஹாவா, சமய எல்லையைத் தாண்டி உக்ரேனிய இளைஞனை மணக்கிறாள். நான்காமவள் ஷ்ப்ரின்ட்ஸெ, கோடை விடுமுறைக்கு வந்த செல்வக் குடும்பத்து இளைஞனால் விரும்பப்பட்டுக் கைவிடப்படுகிறாள். அவன் மாமன் தெவியேயை அழைத்து, விவகாரத்தை முடிக்க எவ்வளவு பணம் வேண்டும் என வினவுகிறான். அவளோ நீரில் மூழ்கி மாய்கிறாள். ஐந்தாமவள் பெய்ல்கெ, தந்தையின் முதுமையை எண்ணி, யப்பானியப் போரிலே ஒப்பந்தங்கள் எடுத்துச் செல்வனான ஒருவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். பால்காரன் ஒருவன் மாமனாராயிருப்பதை வெட்கமாகக் கருதிய அம்மருமகன், அவனைப் பலஸ்தீனத்துக்கு அனுப்பிவிட முயல்கிறான். பின்னர் அவனே முறிந்துபோய் மனைவியோடு அமெரிக்காவிலே தொழிலாளியாகிறான். 1914இல் வெளிவந்த கதையிலே தெவியே தன் கிராமத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான்.

1964இல் நியூயோர்க்கில் அரங்கேறிய 'கூரைமேல் பிடில் வாசிப்பவன்' என்னும் இசைநாடகமும், 1971இல் நோர்மன் ஜுவிசன் இயக்கிய அதன் திரைவடிவமும் உலகெங்கும் இக்கதைகளைப் பரப்பின. உலகம் அறிந்த தெவியே இந்நாடகத்தின் தெவியேயே. ஆயின் நாடகம் எவற்றை ஏற்றது, எவற்றை நீக்கியது என்பது கவனிக்கத்தக்கது. முதல் மூன்று புதல்வியரின் திருமணங்கள் இடம்பெற்றன. ஏனைய இருவரும் சிறுமியராக மேடையோரத்தில் நின்றனர். அதாவது, காதலும் மரபும் மோதும் கதைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன; பணம் மனிதரை விலைபேசும் கதைகள் விடப்பட்டன. தெவியே தன் நூறு ரூபிளை மெனாக்கெம்-மெண்டலிடம் கொடுத்து இழந்த கதைக்கும் இடமில்லாது போயிற்று. கேட்பவரான எழுத்தாளரும் மறைந்தார். ஏழை தன் வாடிக்கையாளரிடம் பேசும் உறவு, தனிமனிதன் கடவுளிடம் பேசும் உறவாயிற்று. வர்க்க உள்ளடக்கம் நீங்கியபோது எஞ்சியது, குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் கண்ணீரோடு நினைந்து மகிழத்தக்க பழைய ஊர்.

டோர்மனின் படம் இந்நாடகத்தின் நிழலிலிருந்து மூல ஆசிரியரை மீட்கிறது. இனிமையான நாட்டுப்புறக் கதைசொல்லி என்னும் பொதுப்படிமத்துக்குப் பதிலாக, நகரவாசியும், நாகரிகமாக உடுத்தும் விருப்பினரும், பத்திரிகை உலகின் தன்மைகளை நன்கறிந்தவருமான நவீன கலைஞர் ஒருவரை அது நம்முன் நிறுத்துகிறது. ரூத் வைஸ், டேவிட் ரொஸ்கீஸ், டான் மிரோன் முதலிய அறிஞர்கள் படத்திலே விளக்கமளிக்கின்றனர். அவர்களது உரைகள் இரங்கலுரைகளாக அமையாது, நூல்களை நெருங்கிப் படிக்கும் வாசிப்புகளாக அமைந்துள்ளமை பாராட்டத்தக்கது. எழுத்தாளரின் பேர்த்தியும் தாமும் நாவலாசிரியருமான பெல் காஃப்மன் (1911–2014) தமது இளமை நினைவுகளைக் கூறுமிடத்து, வரலாற்று மனிதர் வீட்டு மனிதராகவும் காட்சி தருகிறார். ஆயினும் படம் அவ்வுணர்ச்சியிலே தங்கிவிடவில்லை.

6. 1905க்குப் பின்

1905ஆம் ஆண்டு ஒக்டோபரில் கீயெவ் நகரிலே நிகழ்ந்த யூதப் படுகொலையை ஷோலம் அலைக்கெம் நேரிற் கண்டார். முதலாவது ருஷ்யப் புரட்சி வளர்ந்த வேளையில், மக்களின் சீற்றத்தைத் திசைதிருப்பப் பிற்போக்குச் சக்திகள் கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. குடும்பத்தோடு வெளியேறிய அவர் 1906இல் நியூயோர்க்கை அடைந்தார். 1907இன் தொடக்கத்தில் அவரது இரு நாடகங்கள் அந்நகரில் மேடையேறித் தோல்வியடைந்தன, ஐரோப்பாவுக்கு மீண்டார். 1908இல் ஊர்தோறும் தமது கதைகளை வாசித்துவந்த பயணத்தின்போது காசநோயால் வீழ்ந்தார். அதன்பின் இத்தாலியிலும் சுவிற்சர்லாந்திலும் நோயாளியாகவே வாழ்ந்து எழுதினார். முதலாம் உலகப் போர் தொடங்கியபின் 1914இன் இறுதியிலே மீண்டும் நியூயோர்க் சென்று, 1916 மே 13இல் அங்கு இறந்தார்.

1881க்கும் 1914க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் யூதர் அமெரிக்கா சென்றனர். இப்பெரும் இடப்பெயர்வின் காவியம் எனத்தக்கது, 1907இல் தொடங்கி அவர் இறக்கும்போதும் முற்றுப்பெறாதிருந்த 'மொட்டெல்' ஆகும். தந்தை இறந்தமையால் தனக்குக் கிடைத்த சலுகைகளை எண்ணி மகிழும் சிறுவன் ஒருவன் அதனைக் கூறுகிறான். பெரியோருக்குப் பேரிடராயிருப்பது அவனுக்குக் கொண்டாட்டம். ஓர் உலகம் அழிவதைக் குழந்தையின் கண்ணாற் காட்டியமையால், அழிவோடு விடுதலையும் கலந்திருந்தமையை ஆசிரியர் மறைக்காது கூற முடிந்தது. தையற் தொழிற்சாலையும் வேலைநிறுத்தமும் இந்நூலின் அமெரிக்கப் பகுதியில் இடம்பெறுகின்றன.

வரலாற்றின் பழைய வடிவமொன்று அதன் இறுதிக் கட்டத்தில் இன்பியல் நாடகமாகிறது என்றும், மனிதகுலம் தன் கடந்தகாலத்திலிருந்து மகிழ்ச்சியோடு விடைபெறுவதற்கு அது உதவுகிறது என்றும் இளம் மார்க்ஸ் எழுதினார். ஷோலம் அலைக்கெமிடத்து இக்கூற்று ஒரு திருத்தத்தோடு பொருந்தும். இங்கே விடைபெறுவோர் ஒடுக்கியோரல்லர், ஒடுக்கப்பட்டோர். அவர்களின் பழைய வாழ்வு நகைப்புக்குரியதாயிருந்த அளவுக்கு அவர்களுக்கு வேறு வாழ்வு கிடைத்துவிடவில்லை. அதனாலேயே அச்சிரிப்பிலே இருள் கலந்திருக்கிறது.

7. படத்தின் நோக்கும் வரம்பும்

இவ்வளவு சிறப்புகள் உடைய படத்தின் விளக்க அச்சு 'மரபும் நவீனத்துவமும்' என்னும் இருமையாகும். யூதர் ஒருவர் நவீன உலகிலே யூதராக எவ்வாறு வாழ்வது என்பதே படம் திரும்பத் திரும்ப எழுப்பும் வினா. இவ்வினா பொய்யானதன்று. ஆயினும் யூத சமுதாயத்தை ஒரே திரளாகக் கொள்ளும் இயல்பு இதிலே உண்டு. தெவியேயும் யூதன்; அவன் மகளின் மரணத்துக்கு விலைபேசியவனும் யூதன்; போர் ஒப்பந்தக்காரனும் யூதன். இவர்களைப் பிரித்தது மரபோ நவீனத்துவமோ அன்று. 1897இல் வில்னாவிலே பூண்ட் எனப்படும் யூதத் தொழிலாளர் சங்கம் தோன்றியமையும், அது யித்திஷ் மொழியை அரசியற் கிளர்ச்சியின் மொழியாக உயர்த்தியமையும் ஷோலம் அலைக்கெமின் வாசகர் உலகை உருவாக்கிய காரணிகளுள் முக்கியமானவை. மொழியின் எழுச்சியைத் தனி எழுத்தாளர்களின் மேதைமையால் மட்டும் விளக்க முற்படும்போது, அம்மொழியிலே துண்டுப்பிரசுரம் வாசித்த தூரிகை உற்பத்தியாளரும் தோல் பதனிடுவோரும் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றனர்.

இந்நோக்கு இயக்குநரின் முந்திய முயற்சியோடு தொடர்புடையது. அவரது 'உலகை வாதிடல்' (1998) என்னும் விவரணப்படம் இர்விங் ஹோவ் முதலிய நான்கு நியூயோர்க் ஆய்வறிவாளரைப் பற்றியது. இளமையில் மார்க்ஸியராயிருந்து பல்வேறு திசைகளிற் பிரிந்தோர் அவர்கள். அவர்களுள் ஹோவ், ரூத் வைஸுடன் இணைந்து 1979இல் ஷோலம் அலைக்கெமின் கதைத்தொகுதி ஒன்றைப் பதிப்பித்தார். வர்க்க அரசியலிலிருந்து பண்பாட்டு அடையாளத்துக்கு நகர்ந்த ஒரு தலைமுறையின் ஈடுபாடு இப்படத்தின் பின்னணியிலே உண்டு எனக் கூறுவது தவறாகாது.

எனினும் எதிர்த்திசையில் தவறிழைத்தலும் கூடாது. ஷோலம் அலைக்கெம் சோஷலிஸ்டாக வாழ்ந்தவரல்லர். சியோனிச இயக்கத்துக்கு ஆதரவாகப் பிரசுரங்கள் எழுதியவர். அவரை நம்மவராக்கிக்கொள்ள வேண்டிய தேவை நமக்கில்லை. அவர் தமது தொகுதியை வெளியிட்ட அதே 1888ஆம் ஆண்டில், மார்கரெட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்திலே எங்கெல்ஸ், பால்ஸாக் தமது அரசியற் சார்புகளையும் மீறி உண்மையைத் தீட்டியமையை யதார்த்தவாதத்தின் வெற்றியெனக் கண்டார். மெனாக்கெம்-மெண்டலையும் பெய்ல்கெயின் கணவனையும் படைத்த கை, பங்குச் சந்தையிலே செல்வம் தேடிய கையே. தம் வர்க்கத்தின் மயக்கங்களை உள்ளிருந்து அறிந்தமையாலேயே அவற்றை அவ்வளவு நுட்பமாக எள்ள முடிந்தது.

8. பின்வந்தோர் கையில்

ஷோலம் அலைக்கெமின் மரபு அமெரிக்காவில் மட்டும் வாழவில்லை. 1921இல் மொஸ்கோவில் கிரானோவ்ஸ்கியின் யித்திஷ் அரங்கு அவரது சிறு நாடகங்களோடு தொடங்கிற்று. அரங்கின் சுவரோவியங்களைத் தீட்டியவர் மார்க் ஷகால். 1925இல் வெளிவந்த 'யூத அதிர்ஷ்டம்' என்னும் மௌனப்படத்திலே சொலமன் மிகோயெல்ஸ் மெனாக்கெம்-மெண்டலாக நடித்தார்; எழுத்துரைகளை ஐசக் பாபெல் எழுதினார். பெண்ணுக்குப் பெண்ணையே பேசி முடிக்கும் நிகழ்ச்சி அப்படத்தின் உச்சமாகும். மேயர் வீனர் போன்ற சோவியத் ஆய்வாளர் இந்நகைச்சுவையை அதன் பொருளாதார அடிப்படையோடு இணைத்து ஆராய்ந்தனர். வர்க்க உள்ளடக்கத்தை மறவாத வாசிப்பு எத்தகையதாயிருக்கக் கூடும் என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மார்க்ஸியர் எவரும் மறைத்தலாகாது. வீனர் 1941இல் போர்முனையிலே இறந்தார். ஆனால் பாபெல் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டதும், மிகோயெல்ஸ் 1948இல் கொலையுண்டதும், மொஸ்கோ யித்திஷ் அரங்கு 1949இல் மூடப்பட்டதும், 1952 ஆகஸ்ட் 12இல் பேரெட்ஸ் மார்க்கிஷ், டேவிட் பெர்கெல்சன் முதலிய யித்திஷ் எழுத்தாளர் மரணதண்டனைக்கு ஆளானதும் பாசிசத்தின் செயல்களல்ல. மக்கள் மொழியின் பெயரால் எழுந்த அரசே அம்மொழியின் எழுத்தாளரைக் கொன்றது. 1959இல் ஷோலம் அலைக்கெமின் நூற்றாண்டு சோவியத் நாட்டிலே கொண்டாடப்பட்டு, அவரது நூல்கள் ருஷ்ய மொழியிற் பெருந்தொகையாக வெளியிடப்பட்டன. இறந்த எழுத்தாளரைக் கொண்டாடுவது, உயிரோடிருந்தவரைக் காப்பதைவிட எளிதாயிருந்தது.

1939இல் யித்திஷ் பேசியோர் ஒரு கோடிக்கு மேற்பட்டிருந்தனர். நாசிகளாற் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதருட் பெரும்பான்மையோர் அம்மொழியினரே. ஆகவே ஷோலம் அலைக்கெமைப் பற்றிய எந்தப் படமும், அவர் எவருக்காக எழுதினாரோ அவ்வாசகர் இல்லாத நிலையிலே எடுக்கப்படுவதாகும். டோர்மனின் படம் இதனை உணர்ந்தே செயற்படுகிறது. பழைய நிழற்படங்களிலே நம்மை நோக்கும் முகங்களை அது வெறும் அலங்காரமாகப் பயன்படுத்தவில்லை. அம்முகங்களுக்கு அவர்களது எழுத்தாளரின் சொற்களை மீட்டுத் தருகிறது. இப்படத்தின் உண்மையான சாதனை இதுவேயாகும்.

9. முடிவுரை

நியூயோர்க்கில் நடைபெற்ற ஷோலம் அலைக்கெமின் இறுதி ஊர்வலத்திலே இலட்சத்துக்குக் குறையாத மக்கள் திரண்டனர் என்பர். அவர்களுட் பெருந்தொகையினர் தையற் தொழிற்சாலைகளிலே உழைத்தவர்கள். அவர் விட்டுச்சென்ற மரணசாசனம் பத்திரிகைகளில் வெளியாகிப் பலராலும் வாசிக்கப்பட்டது. செல்வரிடையேயும் உயர்குடியினரிடையேயும் தம்மைப் புதைக்க வேண்டாம், எளிய உழைப்பாளர் நடுவிலே புதைக்க வேண்டும் என அவர் அதிற் கேட்டிருந்தார். ஆண்டு நினைவு நாளிலே தமது கதைகளுள் மகிழ்ச்சியான ஒன்றைத் தெரிந்து யாவரும் அறிந்த மொழியில் வாசிக்குமாறும், நினைத்தால் சிரிப்போடு நினைக்குமாறும் வேண்டியிருந்தார். குடும்பத்தினர் தலைமுறைகளாக அவ்வாறே செய்துவந்தனர்.

இரு வேண்டுகோள்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. இரண்டாவதனை உலகம் எளிதில் ஏற்றுக்கொண்டது. முதலாவதனை மறந்த நினைவுகூரல் அவரை இசைநாடகத்தின் ஏக்கப்பாடலாக்கிவிடும். அவரை மீண்டும் வரலாற்றினுள் வைத்துப் பார்க்கத் தூண்டியமைக்காக டோர்மனின் படம் நமது நன்றிக்குரியது. அது நிறுத்திய இடத்திலிருந்து, அவர் எந்த மனிதர் நடுவிலே உறங்க விரும்பினாரோ அவர்களின் வரலாற்றோடு சேர்த்து அவரை வாசிப்பது ஆய்வாளரின் பணியாகும்.